வீட்டுக்கும் வேண்டும் அஷ்டபந்தனம்

கும்பாபிஷேகம் என்றதும் அன்பர்களின் மனக்கண்ணில் தோன்றுவது, விமானத்தின் உச்சியில் கலசத்திலிருந்து பொழியும் புனித நீர்தான். அதற்கு முன்பே கருவறைக்குள் நிறைவேறிவிடும் ஒரு பணியைப் பலர் கண்டதில்லை. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டுப் பொருள்களையும் உரிய அளவில் சேர்த்துச் சூடு ஆறாமல் இடிப்பார்கள். வெண்ணெய்போல் குழைந்த பதம் வந்ததும், மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள சந்தில் அதை அழுத்திச் சாத்துவார்கள். இறுகிய பிறகு மூர்த்தி அசையாது. அபிஷேக நீர் பீடத்தின் அடியில் இறங்காது. இந்தக் கலவைக்கு அஷ்டபந்தன மருந்து என்றே பெயர். நோய் வந்தபின் கொடுக்கும் மருந்தன்று இது; நீர் புகுந்து நோய் வராமல் காக்கும் மருந்து. அதற்கும் ஆயுள் உண்டு என்பதை உணர்ந்தே, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் மரபைப் பெரியோர் வகுத்தனர்.

திருவான்மியூரில் எழுந்தருளியிருக்கும் இறைவனின் திருநாமமும் மருந்தீஸ்வரர். அகத்திய முனிவருக்கு மூலிகைகளின் இயல்பை உபதேசித்தருளிய தலம் என்று தலவரலாறு கூறும். சம்பந்தரும் அப்பரும் பாடிப் பரவிய பதி. உடற்பிணி தீர வேண்டி நாள்தோறும் அன்பர்கள் வந்து திருநீறு பெற்றுச் செல்கிறார்கள். கோயிலைச் சுற்றிய மாட வீதிகளிலும், வால்மீகி நகரிலும், கடற்கரையை ஒட்டிய தெருக்களிலும் வாழும் மூத்தோர் பலர் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை ஒருவேளையும் தவறவிடுவதில்லை. அவர்கள் தலைக்கு மேலுள்ள தளமோ முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஒரு மருந்தையும் கண்டிராது.

அந்தத் தளத்துக்கு வரும் நோயின் பெயர் உப்பு.

பிற்பகலில் எழும் கடற்காற்று உடலுக்கு இதம். கட்டடத்துக்கு அவ்வாறில்லை. காற்றில் கலந்து வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் சுவரிலும் தளத்திலும் படிகின்றன. ஈரம் பட்டதும் கரைந்து கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே செல்கின்றன. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பு கம்பியைத் தொடும் அளவுக்குச் சேர்ந்ததும் அந்தப் படலம் அழிந்து துருப் பிடிக்கத் தொடங்கும். துருவானது, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டையே பிளந்து வெளியே தள்ளும். கூரையிலிருந்து பலகைபோல் காரை பெயர்ந்து விழுவதன் காரணம் இதுவே. வயதான வீடு என்பதால் மட்டும் காரை விழுவதில்லை.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் இருக்க வேண்டும் என்பதைக் கட்டுமானத்துறையில் ‘கவர்’ என்பர். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதிநூலின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, கடற்காற்று நேரே தாக்கும் இடங்களுக்கு 45 மி.மீ. கவரும், எம்-30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டும் வேண்டும் என்கிறது. பழைய வீடுகளின் சன்ஷேடுகளிலும் பால்கனிகளிலும் இதில் பாதி கவர்கூட இராது. கடலைப் பார்த்த பக்கமும், குளியலறைக்குக் கீழுள்ள தளமும் முதலில் கெடுவது இதனால்தான்.

பெயர்ந்த இடத்தில் கொத்தனாரை அழைத்துச் சிமென்ட் பூசி, பெயிண்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவோரே மிகுதி. துருவை உள்ளே வைத்து மேலே பூசுவது, சீழ் வைத்த புண்ணை மூடிக் கட்டுவதற்குச் சமம். ஓரிரு மழைக்காலத்தில் மீண்டும் பெயரும்; அப்போது விழும் துண்டு முன்னதைவிடப் பெரிதாக இருக்கும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், வடசென்னையில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டதும் மக்கள் உடனே வெளியேறிவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை. அதுவும் கடலோரப் பகுதியே. விரிசலைப் பொருட்படுத்தியவர்கள் அன்று பிழைத்தார்கள்.

எல்லா விரிசலும் அஞ்சத்தக்கதன்று. பூச்சில் சிலந்தி வலைபோல் ஓடும் மயிரிழைக் கீறல், பூச்சு காய்ந்தபோது உண்டானது. அழகைக் கெடுக்குமே தவிர ஆபத்தில்லை. தளத்தின் அடியிலோ உத்தரத்திலோ கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாகச் செல்லும் விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கறை, தூணில் மேலிருந்து கீழாக இறங்கும் பிளவு ஆகிய மூன்றும் கவலைக்குரியவை. ஒரு மரக்கோலால் தளத்தின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கெட்டியான இடம் ‘டக்’ என்று ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் வெற்றுப் பானைபோல் ஒலிக்கும். தட்டும்போது நேர் கீழே நிற்கலாகாது. எழுபது வயதைக் கடந்தவர்கள் நாற்காலிமேல் ஏறி இந்தச் சோதனையைச் செய்யவும் வேண்டா. இளையவர் ஒருவர் செய்ய, காது கொடுத்தால் போதும்.

ஒலி பொய்யாக இருந்தால் அடுத்து அழைக்க வேண்டியவர் கொத்தனார் அல்லர், கட்டுமானப் பொறியாளர். ‘ரீபவுண்ட் ஹாம்மர்’ முதலிய கருவிகளைக் கொண்டு கான்கிரீட்டின் நிலையை அவர் மதிப்பிட்டு எழுத்தில் தருவார். அந்தக் கட்டணத்தை வீண்செலவு என்று எண்ணுவோர், பிறகு தவறான இடத்தில் பல மடங்கு செலவிடுகிறார்கள். மருத்துவரைப் பாராமல் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதும் இதுவும் ஒன்று.

சிகிச்சை முறையை வீட்டுக்காரர் அறிந்திருந்தால்தான் மேற்பார்வை செய்ய இயலும். தளத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். பிரிந்த கான்கிரீட் முழுவதையும் தட்டி எடுத்து, கம்பியின் பின்புறமும் கை நுழையும் அளவுக்குத் திறக்க வேண்டும். கம்பியைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று வரும்வரை தேய்க்க வேண்டும். பருமனில் கால்பங்குக்கு மேல் கரைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பது வழக்கம். அதைப் பொறியாளர்தாம் முடிவு செய்ய வேண்டும். பின்னர்த் துத்தநாகம் கலந்த துருத்தடுப்புப் பூச்சு, பழையதையும் புதியதையும் பிணைக்கும் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த சிமென்ட் சாந்து என்று வரிசையாகச் செல்லும். கலவைக்குக் கடலோரத்தில் ஸ்லாக் சிமென்ட் ஏற்றது. உப்பு ஊடுருவுவதை அது ஓரளவு தடுக்கும். இவற்றில் எதை விட்டாலும் மேலே தெரியாது. ஆகவே ஒவ்வொரு படி முடிந்ததும் பார்த்த பிறகே அடுத்த படி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நலம்.

இங்கே திருவான்மியூர்க்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வேலைக்கு வருவோர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் நீரையே பிடித்துச் சாந்து குழைப்பார்கள். அதையே தெளித்து நனைப்பார்கள். அந்த நீர் உவர்ப்பாக இருந்தால், வெளியிலிருந்து வரும் உப்பைத் தடுக்கச் செய்யும் வேலையில் உள்ளேயே உப்பைக் கலந்து கொடுத்ததாகும். கம்பியிட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தலாகாது என்பது அதே விதிநூலின் வரம்பு. நீரை ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு நேரமில்லை என்றால் குடிநீர் வாரிய நீரையோ லாரி நீரையோ கொண்டு வேலை செய்யச் சொல்லலாம்.

மொட்டை மாடியில் தொடங்கும் நோய்

காற்றில் வரும் உப்பைத் தடுக்க இயலாது. உப்பு உள்ளே செல்ல வாகனமாக அமையும் நீரைத் தடுக்கலாம். அஷ்டபந்தனத்தின் தத்துவமும் இதுதான்.

பழைய மயிலாப்பூர் வீடுகளில் காணும் மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வு வரிசையில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் சேர்ப்பது மரபு. கோயில் திருப்பணியில் சுதை வேலைக்கும் இவை சேரும். சித்த மருத்துவத்தில் வயிற்றைச் சீர்செய்யும் கடுக்காய், கூரைக்கும் மருந்தானது அகத்தியர் வழிவந்த ஊருக்குப் பொருத்தமே. சுண்ணாம்பு மெல்ல இறுகும். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் தளத்தோடு இசைந்து கொடுக்கும். கான்கிரீட் தளத்தின்மேல் இன்றும் இவ்வாறு ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு போட வல்லவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கலவையைப் பல நாள் கட்டையால் தட்டிக் கெட்டிக்க வேண்டும் என்பதால் இக்காலத்தில் பொறுமைதான் அரிதாகிவிட்டது.

ஒழுகும்போதெல்லாம் பழைய ஓட்டின்மேல் ஒரு சிமென்ட் பூச்சு, அது ஒழுகினால் அதன்மேல் ஓர் அடுக்கு டைல்ஸ் என்று ஏற்றிக்கொண்டே போகும் வழக்கம் மிகவும் கெடுதலானது. கீழே கம்பி கரைந்து தளத்தின் வலு குறைகிறது. மேலே சுமை கூடுகிறது. புதிய அடுக்கு வேண்டுமெனில் பழையதை அகற்றுவதே முறை.

பெரும்பாலான ஒழுக்குத் தளத்தின் நடுவில் தொடங்குவதுமில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் கூடும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் கால்கள் ஊன்றிய இடம், குளியலறையில் வடிகுழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடம் ஆகியவையே வாயில்கள். இரண்டு பொருள்கள் சேரும் சந்துகள் இவை. மூர்த்தியும் பீடமும் கூடும் இடத்தில் மருந்து சாத்துவதைப்போல் இங்கும் சாத்த வேண்டும். மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைவாகப் பூசி, நெகிழ்வுள்ள நீர்க்காப்புப் பூச்சைச் சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்ற வேண்டும். ஒரு வாளி நீரை மாடியில் ஊற்றினால் அது தயங்காமல் குழாய்வாய்க்கு ஓட வேண்டும். ஓரிடத்தில் தேங்கினால் வாட்டம் சரியில்லை.

மாடிச் சுவரின் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருப்பதைக் கண்டும், தெய்வமரம் என்று தொடத் தயங்குவோர் உண்டு. உழவாரப் படையைத் திருக்கரத்தில் தாங்கி, திருக்கோயில்களில் முளைத்த புல்லையும் செடியையும் செதுக்கிப் பணி செய்தவர் திருநாவுக்கரசர் பெருமான். அவரை வணங்குவோர் தம் வீட்டுச் சுவரில் வேர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான்கு இலை விட்ட பருவத்திலேயே வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்து, இடமுள்ள குளக்கரையிலோ நந்தவனத்திலோ சேர்த்துவிடலாம். தண்டை மட்டும் கிள்ளினால் வேர் சினந்து தடிக்கும். வெடிப்பைத் திறந்து வேரை முழுவதும் எடுத்துச் சாந்திட்டு அடைக்க வேண்டும்.

கார்த்திகையில் குறிப்பு, பங்குனியில் பணி

போகிக்கு முன் வெள்ளையடிப்பது நம் வழக்கம். அது தூய்மைக்கு உகந்த காலம். ஒழுக்கை நிறுத்த உகந்ததன்று. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சுவர் மார்கழியிலும் ஈரமாகத்தான் இருக்கும். ஈரத்தின்மேல் பூசிய நீர்க்காப்பும் பெயிண்ட்டும் கொப்புளித்து உரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எங்கே சொட்டுகிறது, எங்கே உப்புப் பூத்திருக்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டு, ஒரு குறிப்பேட்டில் நாளும் எழுதிவிட வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது இன்னும் எளிது. மருந்தீஸ்வரருக்குப் பங்குனிப் பெருவிழா நடைபெறும் காலத்தில் சுவர் நன்கு உலர்ந்திருக்கும். அப்போது தொடங்கி ஆனிக்குள் வேலையை முடிப்பது உத்தமம். புரட்டாசியில் தொடங்குவோர் மழைக்கும் மேஸ்திரிக்கும் இடையே அகப்பட்டுக்கொள்வர். புரட்டாசிக்கு உரியது சிறு பணிதான்: மாடியின் சருகைக் கூட்டி, குழாய்வாயைத் திறந்து, மழைநீர்த் தொட்டியைத் தூர்வாருவது.

அந்த மழைநீர்த் தொட்டி பல வீடுகளில் பெயரளவில் இருக்கிறது. 2003இல் தமிழகம் முழுவதும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்தது. அதன்பின் மூடியைத் திறந்தவர் இல்லை. திருவான்மியூரின் மணற்பாங்கான நிலம் நீரை விரைந்து உறிஞ்சும். கடலோர நிலத்தடியில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியல் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர்நீர் அதே விகிதத்தில் ஏறும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியின் வண்டலை அள்ளி, மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட்டால், கிணற்று நீர் மெல்ல இனிக்கும். வீட்டுக்குள் வரும் உப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

இரும்பு கிரில்களை மாதம் ஒருமுறை நன்னீரில் நனைத்த துணியால் துடைத்தாலே பெயிண்ட் கூடுதல் காலம் நிற்கும். புதிதாக எவர்சில்வர் கைப்பிடி வைப்போர் 316 ரகம் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான 304 ரகம் கடற்காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப் பிடிக்கும். உப்பு மின்சார இணைப்புகளையும் அரிக்கும். ஓதம் ஏறிய சுவரில் சுவிட்சைத் தொட்டால் சுரீரென்று இழுப்பதைச் சகித்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அது பெரும் அபாயம். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இல்லாத வீட்டில், சுவர் வேலைக்கு முன்பாகவே அதைப் பொருத்திவிட வேண்டும். குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தரையும் இந்தப் பணியோடு சேர்ந்தே முடியட்டும். எண்ணெய் சிந்தும் பூஜையறைத் தரைக்கும் அதே வழுக்காத கல்தான் நல்லது.

திருப்பணி நிதி

கோயில் திருப்பணிக்கு உண்டியலும் உபயதாரரும் உண்டு. வீட்டுக்கு உபயதாரர் வீட்டுக்காரரே. ஓய்வுக்காலத்தில் ஒரே தடவையில் சில லட்சங்களை எடுப்பது பெருஞ்சுமை. ஓய்வூதியம் வரும் வங்கியிலேயே வீட்டின் பெயரால் ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கி, மாதந்தோறும் ஒரு தொகையைத் தானாகவே செலுத்தும்படி செய்துவிட்டால் 12 ஆண்டுத் திருப்பணிக்கு முதல் சேர்ந்துவிடும். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருப்போருக்கு ஒரு செய்தி. சொத்துவரி நீக்கிய வாடகையில் 30 விழுக்காட்டை, உண்மையில் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், வருமானவரிச் சட்டம் கழித்துக்கொள்ள விடுகிறது. பழுதுபார்ப்பு முதலிய செலவுகளைக் கருதி வந்த சலுகை அது. கழிவை ஆண்டுதோறும் பெறுவோர் பலர். அதைச் சுவருக்குச் செலவிடுவோர் சிலர். வீட்டுக் காப்பீடு எடுப்பதும் நல்லதே. 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே மாதிரிப் பாலிசியைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் வழங்குகின்றன. தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றுக்கு அது ஈடு தரும். துருவுக்கும் தேய்மானத்துக்கும் தராது.

ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் அதிகம் தருவது கூடாது. வேலை முடிந்தபின்னும் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். மனம் கோணுகிறவர்களுக்கு வேலை தராமல் இருப்பதே மேல்.

அடுக்குமாடியில் வாழ்வோரின் இடர் வேறு. மேல்தளத்து வீட்டுக்கு ஒழுகினால் கீழ்த்தளத்தார் ‘நமக்கென்ன’ என்பர். மாடியும் தூணும் வெளிச்சுவரும் எல்லோருக்கும் பொது. மேல்தளத்துக் கம்பி கரைந்தால் கீழ்த்தளத்துக்கும் பாதுகாப்பில்லை. இதனிடையே ‘இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறோம்’ என்று கட்டுமான நிறுவனத்தார் வருவர். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் இசைந்தாலே மறுகட்டுமானத்துக்கு வழியுண்டு. பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, முதியோர் இருவர் மட்டும் வாழும் வீட்டில் இந்தப் பேச்சு உறக்கத்தைக் கெடுக்கும். பொறியாளரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதே வழி. பழுது நீக்கினால் இன்னும் 15, 20 ஆண்டுகள் நிற்கும் என்று அவர் எழுதினால் இடிக்க அவசரமில்லை. தூண்களே போய்விட்டன என்று எழுதினால் பாசத்தால் பிடித்து வைப்பதில் பொருளில்லை. எந்த முடிவானாலும் கிரயப் பத்திரத்தில் உள்ள பிரிபடா நிலப்பங்கின் சதுர அடியை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய வீட்டின் பங்கு அதிலிருந்துதான் கணக்கிடப்படும்.

பணி நடக்கும் நாள்களில் சுவாமி படங்களையும் விக்கிரகங்களையும் தூசியில் விட வேண்டா. திருப்பணிக் காலத்தில் கோயில்களில் பாலாலயம் அமைப்பதைப்போல், வேலை எட்டாத ஓர் அறையில் கோலமிட்டு, மனைப்பலகையில் எழுந்தருளச் செய்து விளக்கேற்றலாம். புதுப் பூச்சு 7 நாள்களுக்குக் குறையாமல் நன்னீரில் நனைய வேண்டும். பிறகு நான்கு வாரம் காய வேண்டும். பெயிண்ட்டுக்கு அவசரப்படாமல் அதுவரை விளக்கு அந்த அறையிலேயே எரியட்டும்.